கேரமாண்டுக்கு மேலே எந்தத் தலைப்பு?

ஆங்கிலப் புத்தகம் லேஅவுட்டுக்கு வந்தால் நான் பெரும்பாலும் ஈபி கேரமாண்டைத்தான் எடுப்பேன். 16ஆம் நூற்றாண்டில் பாரிசில் கிளாட் கேரமாண்ட் வெட்டிய எழுத்துகளை, 1592இல் வெளிவந்த ஒரு மாதிரித் தாளை வைத்து மீட்டெடுத்த எழுத்துரு அது. இலவசம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் எழுத்து 11.5 பாயிண்ட், வரி இடைவெளி 15 என்று வைத்தால் பக்கம் கண்ணை உறுத்தாது. தலைப்புகளுக்கு எந்த எழுத்துரு என்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கும்.

எந்த ஃபாண்டுக்கு எது ஜோடி என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது. நான் அவற்றைத் திறப்பதில்லை. உங்கள் புத்தகத்தின் தலைப்புகள் அந்தப் பட்டியல் போட்டவருக்குத் தெரியாதே. பிரதியிலிருந்து மிக நீளமான தலைப்பு ஒன்று, ஒரே சொல்லில் முடிவது ஒன்று, எண் வருவது ஒன்று எனப் பொறுக்கி எடுங்கள். எந்த எழுத்துருவையும் இந்த மூன்றில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேரமாண்டையே போட்டுப் பாருங்கள். அத்தியாயத் தலைப்பு 22 பாயிண்ட், போல்ட் வேண்டாம். உள்தலைப்புக்கு ஸ்மால் கேப்ஸ், அதாவது சின்ன எழுத்தின் உயரத்திலேயே வரும் கேப்பிட்டல்; லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் டிராக்கிங் (எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி) 50 முதல் 80 வரை. ஸ்மால் கேப்ஸ் எழுத்துருவுக்குள்ளேயே இருப்பதாக இருக்கட்டும். கேப்பிட்டலைச் சுருக்கிச் செய்தால் கோடு மெலிந்து காட்டிக் கொடுத்துவிடும். நாவல், கவிதை, நினைவுக் குறிப்பு என்றால் இதோடு நிறுத்திவிடலாம். இரண்டாவது எழுத்துருவே தேவையில்லை.

சமையல் புத்தகம், பாடநூல் என்று மூன்று நான்கு நிலைத் தலைப்புகள் வரும்போதுதான் செரிஃப் (எழுத்தின் முனைகளில் வரும் சிறு கோடு) இல்லாத ஒன்று வேண்டியிருக்கும். என் முதல் தேர்வு கில் சான்ஸ். எரிக் கில் வரைந்து 1928இல் மோனோடைப் வெளியிட்டது. அதன் கேப்பிட்டல்கள் பழைய ரோமானியக் கல்வெட்டு அளவுகளை ஒட்டியவை: ஓ அகலம், இ குறுகல். கேரமாண்டின் கேப்பிட்டல்களும் அதே வழிதான். சின்ன ஏ, சின்ன ஜி இரண்டும் கேரமாண்டில் இருப்பதுபோல மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. செரிஃப் போனாலும் எலும்பு ஒன்று என்பதால் இரண்டும் பக்கத்தில் ஒத்துப்போகின்றன.

ஆனால் கில் சான்ஸில் ஒரு தொல்லை உண்டு. கேப்பிட்டல் ஐ, சின்ன எல், எண் 1 மூன்றுமே வெறும் செங்குத்துக் கோடு. ‘இல்னெஸ்’ (Illness) என்ற ஆங்கிலச் சொல் மூன்று குச்சிகளோடு தொடங்கும். அத்தியாயம் 11 என்பதும் அப்படித்தான். எண் வரும் தலைப்பைச் சோதிக்கச் சொன்னது இதற்குத்தான். எண்ணை மட்டும் கேரமாண்டில் போட்டுத் தப்பிக்கலாம். கில் சான்ஸ் கையில் இல்லையென்றால் அதே சாயலில் கேபின் இலவசமாகக் கிடைக்கிறது.

ஃபியூச்சுரா? முழுக்கக் கேப்பிட்டலில், இடைவெளி விட்டு, சின்ன அளவில் வைத்தால் அழகு. சின்ன எழுத்தில் நீளத் தலைப்பு வேண்டாம், அந்த வட்டங்கள் கேரமாண்டோடு ஒட்டாது. ஹெல்வெட்டிகாவில் சின்ன எழுத்துகள் உயரமானவை, கேரமாண்டில் குட்டை. இரண்டையும் 12 பாயிண்டில் வைத்தால் தலைப்பு கத்தும். குறைத்துக் குறைத்து வைத்தாலும் எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்ததில்லை.

இன்னொரு செரிஃபை மேலே ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். பிளேஃபேர் டிஸ்ப்ளே போன்றவை இரண்டு நூற்றாண்டு பிந்திய பாணி. தடித்த கோடு, மயிரிழைக் கோடு, நேர்குத்தான வளைவு. கேரமாண்டோடு வைத்தால் வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் வெள்ளை சேராமல் போனதுபோல் இருக்கும். விதிவிலக்கு கார்மரன்ட். கேரமாண்டைப் பார்த்துப் பெரிய அளவுக்கென்றே வரைந்தது, அதனால் உறவு தெரியும். கோடுகள் ரொம்ப மெல்லியவை. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் மை உள்ளே ஏறி மறைந்துவிடும், செமிபோல்டுக்கு மாறுங்கள்.

அளவு வித்தியாசம் துணிச்சலாக இருக்க வேண்டும். 11.5க்கு மேல் 13 வைத்தால் கைதவறியதுபோல் தெரியும். 11.5லேயே போல்டாக வையுங்கள், இல்லையேல் 16க்குப் போங்கள். தலைப்புக்கு மேலே விடும் இடம் கீழே விடுவதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

பக்கத்தில் தமிழ்த் தலைப்பும் வருகிறதென்றால் ஆங்கிலத்தை முழுக் கேப்பிட்டலில் போடாதீர்கள். தமிழில் கேப்பிட்டல் கிடையாது, இரண்டும் ஒரே நிலைத் தலைப்பு என்றே வாசகருக்குத் தெரியாது.

அப்புறம் திரையில் முடிவு செய்ய வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்களாக நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, டெம்மிக்கு வெட்டி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். தலைப்பு மட்டும் கறுப்புத் திட்டாகத் துருத்தினால் எழுத்தின் தடிமனில் ஒரு படி குறைக்கலாம். பக்க உச்சியில் ஓடும் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் புதிய எழுத்துரு போகக் கூடாது, அவை கேரமாண்டிலேயே இருக்கட்டும்.