கசிந்த ‘பறக்கும் தட்டு’ ஆவணம் கைக்கு வந்தால்

தொட்டபெட்டா பக்கம் இரவில் புரியாத வெளிச்சம் தெரிந்தால் போதும், ‘அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலிருந்து கசிந்தது’ என்று ஏதாவது ஒரு கோப்பு ஊட்டி, குன்னூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். கோப்பின் பெயர் ஏபிகே, ஜிப், இஎக்ஸ்இ என்று முடிந்திருந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். ஆவலைத் தூண்டித்தான் வைரஸைப் பரப்புகிறார்கள்.

படமோ காணொளியோ என்றால் அது முதலில் எங்கே வெளியானது என்று கூகுள் லென்ஸில் தேடுங்கள். வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நாள், கேமரா விவரமெல்லாம் போய்விடும். அதனால் அனுப்பியவரிடம் மூலக்கோப்பை ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள தேதியையும் மாற்ற முடியும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

காகித ஆவணத்தில் கையெழுத்தைப் பாருங்கள். பறக்கும் தட்டை ஆராய்ந்த ரகசிய அமெரிக்கக் குழுவினுடையவை என்று சொல்லி 1980களில் வெளிவந்த ‘மெஜஸ்டிக் 12’ தாள்களில் இருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் கையெழுத்து, 1947 அக்டோபர் 1 தேதியிட்ட அவருடைய வேறொரு கடிதத்தில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. ஒரே ஆள் இரண்டு முறை போடும் கையெழுத்து அப்படிப் பொருந்தாது, ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது, ஆவணம் அசலா என்பதும் அதில் இருப்பது வேற்றுக்கிரக வாகனமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். அமெரிக்கக் கடற்படையின் காணொளிகள் 2017இல் செய்தித்தாளில் வந்தன. 2020 ஏப்ரலில் பென்டகனே அவற்றை முறைப்படி வெளியிட்டது. அதனால் காணொளி அசல் என்று உறுதியானது, அவ்வளவுதான். உள்ளே பறப்பது என்னவென்று அது சொல்லவில்லை.

ஹேக்கிங் பக்கமே போகாதீர்கள். பறக்கும் தட்டுச் சான்று தேடி பிரிட்டனைச் சேர்ந்த கேரி மெக்கின்னன் 97 அமெரிக்க ராணுவ, நாசா கணினிகளுக்குள் நுழைந்ததாக வழக்கு. நாடுகடத்தலை எதிர்த்து 2012 வரை போராடினார். பார்த்ததாக அவர் சொன்ன படத்துக்கு நகல் இல்லை, ஆகவே யாராலும் சரிபார்க்க முடியவில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கேட்டு வாங்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) இணையதளத்தில் பத்து ரூபாய் கட்டி, 500 சொல்லுக்குள் எழுதுங்கள். ‘வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்களா?’ என்று கேட்டால் பதில் வராது, கருத்துச் சொல்வது தகவல் அதிகாரியின் வேலையில்லை. ‘இன்ன தேதியில், நீலகிரி மாவட்டத்தில், அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் பற்றிப் பதிவான அறிக்கைகளின் நகல்’ என்று கேளுங்கள். முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்கு எழுதிப் பயனில்லை. 530 மீட்டர் நீளமுள்ள அது விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிறதே தவிர, வெளிச்சத்தைப் படமெடுப்பதில்லை.

விண்ணப்பிக்கும் முன், வானத்தைக் காட்டும் செயலியான ஸ்டெல்லேரியத்தில் ஊட்டியையும் அந்த நேரத்தையும் கொடுத்து வெள்ளி, வியாழன் கோள்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

பதிலுக்கு 30 நாள் கெடு. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(அ) பிரிவில் மறுத்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் 10ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ரகசியப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கும்படி கேளுங்கள்.