கார் ஏசி கம்ப்ரஸர் சத்தம் போடுகிறதா?

முன்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால், கம்ப்ரஸரை மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். என்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து, உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஏசியை நாலைந்து முறை போட்டு அணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பெல்ட்டுக்குத் தள்ளி நின்று கேளுங்கள்.

ஏசி அணைந்திருக்கும்போதும் உறுமுகிறதா? கிளட்ச் (ஏசி போட்டதும் கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் பாகம்) உள்ள கம்ப்ரஸரில் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முதல் சந்தேகம் புல்லி பேரிங் மேல்தான். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல விரலுக்குத் தெரிந்தாலோ, பிடித்து அசைத்தால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. பல மாடல்களில் ஏசி கேஸை இறக்காமலே அதை மட்டும் மாற்றலாம். அப்படியே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியையும் சுற்றிப் பாருங்கள்; அதன் சத்தமும் இதே மாதிரிதான் இருக்கும்.

ஏசி போட்டதும் கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்தான். கிளட்ச் ‘டக் டக்’ என்று அடிக்கடி ஒட்டி ஒட்டி விலகினால் கேஸ் குறைந்திருக்கலாம். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பாதீர்கள். கேஸோடுதான் ஆயிலும் சுற்றுகிறது; கசிவில் அதுவும் போய்விடும்.

ஏசி ஓடும்போது மட்டும் கம்ப்ரஸருக்குள்ளிருந்து கடகடவென்று வந்தால், உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே தேய்ந்த உலோகத்தூள், கேஸைக் குளிர்விக்கும் கண்டென்ஸர் வரை போய்விடும். கம்ப்ரஸர் மாற்றும்போது லைனைச் சுத்தம் செய்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய தூளே புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும்.