கடையில் கார்டு மெஷின் வைக்கலாமா? படிப்படியாக ஒரு கணக்கு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவரிடமும், கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவரிடமும் ஒரே ஏஜென்ட் போய், "மெஷின் வச்சுக்கங்கண்ணே, 1.8 பர்சென்ட்தான்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடைக்காரர் தாராளமாக வைக்கலாம். மளிகைக்காரர் நன்றாக யோசித்துத்தான் வைக்க வேண்டும். கமிஷனை விற்பனையோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது, லாபத்தோடு ஒப்பிட வேண்டும்.

முதல் வேலை: யார் கார்டு கேட்கிறார்கள் என்று குறித்து வையுங்கள்

கல்லாவில் ஒரு சின்ன நோட்டு போதும். கார்டு எடுப்பீர்களா என்று கேட்டவர், இல்லை என்றதும் ரொக்கமோ யுபிஐயோ கொடுத்தாரா, பொருளை வைத்துவிட்டுப் போனாரா? இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். அந்த மாதத்தில் சித்திரைத் திருவிழாவோ தீபாவளியோ வந்தால் கணக்கு ஏறுக்குமாறாகிவிடும், சாதாரண மாதமாகப் பாருங்கள்.

போனவர்கள் அதிகம் இல்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும், நம் நாட்டுக் கார்டு நெட்வொர்க்கான ரூபேயின் டெபிட் கார்டுக்கும் அதுதான் விதி.

அடுத்து: எந்தக் கார்டுக்கு எவ்வளவு

கார்டைத் தேய்த்தால் பிடிக்கும் கமிஷனை எம்டிஆர் என்பார்கள். கார்டு கொடுத்த வங்கி, மெஷின் கொடுத்த வங்கி, நடுவில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் ஆகிய மூவரும் இதைப் பிரித்துக்கொள்வார்கள்.

ரூபே தவிர்த்த டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை இருந்தால் ஸ்வைப் மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேல் போனால் 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. பேசி வாங்குவதுதான் ரேட். ஏஜென்ட் முதலில் சொல்லும் எண்ணை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு அந்த வரி கிடையாது. டீக்கடைக்கும் ஜிகர்தண்டா கடைக்கும் இது நல்ல சேதி, பட்டுச்சேலைக் கடைக்கு உதவாது.

இப்போது ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் கணக்கு

மாத விற்பனை 3 லட்சம் என்று வைப்போம். அதில் கிரெடிட் கார்டு 60,000, ரூபே அல்லாத டெபிட் கார்டு 20,000, மீதி ரொக்கமும் யுபிஐயும். பில் எல்லாம் 2,000க்கு மேல்.

கிரெடிட் கார்டுக்கு 1.8 சதவீதம் என்றால் 1,080 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,274.40. டெபிட்டுக்கு 0.90 சதவீதம் என்றால் 180, வரியோடு 212.40. மெஷின் வாடகை 400 என்றால் வரியோடு 472. மொத்தம் 1,958.80 ரூபாய்.

80,000 ரூபாய் கார்டு விற்பனையில் இது கிட்டத்தட்ட 2.45 சதவீதம். 1.8 என்று சொன்னது இப்படித்தான் வளர்கிறது. ஜிஎஸ்டியில் ரெகுலராகப் பதிவு செய்திருந்தால் கமிஷன் மேல் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாம். விற்றுமுதலில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் பதிவே இல்லாதவருக்கும் அது செலவுதான்.

இனிதான் முக்கியமான படி. சேலையில் நூற்றுக்கு 20 ரூபாய் லாபம் என்றால், 1,958.80ஐ 0.20ஆல் வகுங்கள்: 9,794. அதாவது கார்டு இல்லாவிட்டால் போயிருக்கும் வியாபாரம் மாதம் சுமார் 9,800 ரூபாய்க்கு வந்தாலே செலவு கட்டிவிடும். 4,000 ரூபாய் பில் மூன்று வந்தால் மேலேயே நிற்கும்.

அதே செலவை மளிகைக்காரரின் 3 சதவீத லாபத்தால் வகுத்தால் 65,000 ரூபாயைத் தாண்டுகிறது! 5,000 ரூபாய் கிரெடிட் கார்டு பில்லில் அவருக்குக் கிடைப்பது 150. கமிஷனும் வரியும் 106.20 போனால் கையில் நிற்பது 43.80. மூட்டை தூக்கும் கூலியை அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

"ஃப்ரீ மெஷின்" என்றால், மாதம் எவ்வளவு தேய்த்தால் ஃப்ரீ, குறைந்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றிக் கடை என்றால் வெளிநாட்டுக் கார்டின் ரேட்டைத் தனியாகக் கேளுங்கள், அது கூடுதலாக இருக்கும். கம்பெனிக் கார்டு, இஎம்ஐ ரேட்டும் வேறு. எத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேய்த்த பணம் எப்போது வரும் என்பதையும் கேளுங்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

உங்கள் க்யூஆரிலேயே ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ வழியாக ஏற்க முடியுமா என்றும் விசாரியுங்கள். சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதற்குக் கமிஷன் இல்லை, அதற்கு மேல் உண்டு.

மெஷின் வந்த பிறகு

அதே 1.8 சதவீத ரேட்டில் கிரெடிட் கார்டில் 4,000 ரூபாய் தேய்த்தால் வங்கிக் கணக்கில் 3,915.04 வரும். விற்பனை 4,000, வங்கிச் செலவு 84.96 என்று எழுத வேண்டும். வந்த பணத்தையே விற்பனையாக எழுதினால் வரிக் கணக்கில் இடிக்கும்.

"கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் ஊர் பஜாரில் சகஜம். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்க ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுக்கவில்லை. கிரெடிட் கார்டுக்கு உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். என்னைக் கேட்டால் வாங்கவே கூடாது, அந்த ஆள் அடுத்த தடவை பக்கத்துக் கடைக்குத்தான் போவார்.

தெரிந்தவரே வந்து, "தம்பி, 50,000 தேய்ச்சுட்டு ரொக்கமா கொடு, உனக்கு ஏதாவது பார்த்துச் செய்றேன்" என்பார். மறுத்துவிடுங்கள். பொருள் விற்காமல் தேய்ப்பதை வங்கி கண்டுபிடித்தால் மெஷினை முடக்கிவிடும். உங்கள் பணமும் உள்ளே மாட்டும்.

வாடிக்கையாளர் பின்னால் வங்கியில் புகார் கொடுத்து பணத்தைத் திரும்பக் கேட்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பில் நகலையும் மெஷின் சீட்டையும் சேர்த்துப் பின் செய்து வையுங்கள். சீட்டில் மை மங்கிப் போகும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்று மாதம் கழித்து அதே வகுத்தல் கணக்கை உண்மையான எண்களோடு போடுங்கள். தேய்ப்பு கூடியிருந்தால் ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் கொஞ்சமாவது இறங்குவார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு தேதி போட்ட ரசீது வாங்குங்கள். அது இல்லையென்றால் மூலையில் இல்லாத மெஷினுக்கும் மாதாமாதம் வாடகை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.