தோசைக்கல் வாங்கியவருக்கு ஒரு நிமிட வீடியோ

ஆன்லைனில் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் பணியாரச் சட்டியும் விற்கிறேன். கல் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும்: "அக்கா, தோசை ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது." கையில் மாவோடு நிற்பவருக்குப் பத்து வரி பதில் படிக்கப் பொறுமை இருக்காது. அதனால்தான் வீடியோ. நீங்களும் இப்படி விற்பவரானால், எடுக்கும் முறை இதோ.

ஒரு வீடியோவுக்கு ஒரே கேள்வி. பழக்குவது (எண்ணெய் தடவிச் சூடாக்கித் தோசை ஒட்டாதபடி கல்லைத் தயார் செய்வது), கழுவுவது, துரு எடுப்பது எல்லாவற்றையும் ஒன்றில் திணித்தால், துருவுக்காக வந்தவர் பாதியில் போய்விடுவார். தலைப்பை வாடிக்கையாளர் கேட்ட வார்த்தையிலேயே வையுங்கள்: "தோசை ஒட்டுதா?" முதல் காட்சியில் ஒட்டிப் பிய்ந்த தோசை தெரிய வேண்டும். லோகோ, வணக்கம், கடை வரலாறு எதுவும் வேண்டாம். இது விளம்பரம் இல்லையே, அவர் ஏற்கனவே காசு கொடுத்துவிட்டார்.

போனைச் சமைப்பவரின் தோளுக்கு மேலிருந்து கல்லைப் பார்க்கும்படி வையுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடது வலது மாறிவிடும். பார்ப்பவர் தன் கையோடு ஒப்பிட்டுக் குழம்புவார். சுவர் அலமாரியில் ஒரு கிளாம்ப் மாட்டினால் போதும். நேர் மேலே மட்டும் வேண்டாம், ஆவி லென்ஸில் படிந்துவிடும்.

இரும்புக்கென்று ஒரு தொல்லை உண்டு. கறுப்புப் பொருள் ஃபிரேமை அடைத்துக்கொண்டால், போன் வெளிச்சம் குறைவு என்று நினைத்துத் தானாகக் கூட்டிவிடும். கல் சாம்பல் நிறத்தில் தெரியும். திரையில் கல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, லாக் செய்து, பிறகு கொஞ்சம் குறையுங்கள். வெளிச்சத்துக்குப் பக்கவாட்டு ஜன்னல் நல்லது. விளக்கு போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்ஈடி விளக்குகளில் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். போன் கேமராவின் ப்ரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் வசதி) ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி முக்கியமான காட்சி. பழக்கும்போது எல்லோரும் தடுமாறுவது எண்ணெய் அளவில்தான். "மெல்லிசாகத் தடவுங்கள்" என்று நூறு முறை சொன்னாலும் புரியாது. கல்லில் எண்ணெய் பளபளவென்று நிற்பதை முதலில் காட்டுங்கள்: இது அதிகம், இப்படியே சூடாக்கினால் பிசுபிசுப்பாகிவிடும். அப்புறம் பழைய பருத்தித் துணியால், தடவிய எண்ணெயை எல்லாம் எடுத்துவிடுவதுபோல் அழுத்தித் துடைத்து, கல் மங்கலாகும்வரை கேமராவை நகர்த்தாதீர்கள். இந்த இடத்தில் வெட்டவே கூடாது. துணியில் கறுப்பு ஒட்டுவதையும் காட்டிவிடுங்கள். அதைப் பார்த்துப் பயந்து கல்லைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல் வடிகஞ்சியில் ராத்திரி முழுக்க ஊறுவது, அடுப்பில் சூடாவது போன்றவற்றை ஒரு வெட்டில் தாண்டிவிடலாம். "மறுநாள் காலை" என்று எழுத்து போட்டால் போதும்.

ஃபேனையும் சிம்னியையும் நிறுத்திவிட்டு எடுங்கள். தண்ணீர் தெளித்ததும் வரும் "சுர்ர்" சத்தம்தான் சூடு சரியா என்று சொல்லும். அதன்மேல் பாட்டைப் போட்டு மூடாதீர்கள். பேச்சைப் பிறகு தனியாக, கதவைச் சாத்தி, துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் பேசிப் பதிவு செய்தால் எதிரொலி குறையும். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் பெரிய எழுத்தும் வேண்டும். எழுத்தைத் திரையின் அடியில் போடாதீர்கள், ஷார்ட்ஸிலும் ரீல்ஸிலும் அங்கே தலைப்பு வந்து மறைத்துவிடும்.

யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக இழுக்காதீர்கள். ஒட்டும் தோசைக்கு ஒரு நிமிடமே தாராளம்.

கடைசியாக, பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் க்யூஆர் கோடு அச்சடிப்பீர்கள் அல்லவா, அதை நேராக யூடியூப் வீடியோவுக்குக் கொடுக்காதீர்கள். யூடியூபில் அதே லிங்கில் வேறு வீடியோவை மாற்றி ஏற்ற முடியாது. புதிதாக எடுத்தால் அச்சடித்த சீட்டெல்லாம் பழைய வீடியோவையே காட்டும். உங்கள் கடைத் தளத்தில் "கல் பழக்குவது" என்று ஒரு பக்கம் வைத்து, கோடு அங்கே போகட்டும். உள்ளே இருக்கும் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.