மனிதர், மாடு, தண்ணீர்: ஒன் ஹெல்த் ஆய்வேட்டில் எங்கே சறுக்குகிறோம்

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஒன் ஹெல்த்’ முறையில் முதுகலை ஆய்வேடு செய்பவருக்கு எலிக்காய்ச்சல் நல்ல தலைப்பு. லெப்டோஸ்பைரா கிருமி விலங்கின் சிறுநீரில் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிடந்து, காலில் இருக்கும் சிராய்ப்பு வழியே நமக்குள் நுழைகிறது. மூன்றும் ஒரே நோயில் வந்து சேர்கின்றன. சறுக்குவதற்கான இடங்களும் அதே அளவு அதிகம்.

பெரிய தவறு, மூன்று தனி ஆய்வுகளைச் செய்து ஒரே அட்டைக்குள் தைத்துவிடுவது. ஆஸ்பத்திரியில் அறுபது பேரின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), வேறு ஊர்ப் பண்ணையில் அறுபது மாடுகளின் சீரம், நான்கு மாதம் கழித்து ஏதோ ஒரு குளத்துத் தண்ணீர். இவற்றை இணைப்பது தலைப்பு மட்டும்தான். நோய் உறுதியான ஒருவரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த வாரமே அவர் வீட்டு மாடு, கொட்டகைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், அவர் இறங்கி வேலை செய்த வயல் என்று போங்கள். இப்படிப் பார்த்த பதினைந்து வீடுகள், தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான சாம்பிள்களைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது, சோதனை சொல்லாததைச் சொல்ல வைப்பது. ‘மேட்’ (MAT) என்ற சீரச் சோதனையில் மாட்டுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே சீரோகுரூப் (கிருமியின் வகைப்பிரிவு) வந்துவிட்டால், மாட்டிடமிருந்துதான் தொற்றியது என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். இந்தச் சோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அதில் குறுக்கு வினை (ஒரு வகைக்கான எதிர்ப்பொருள் இன்னொரு வகையோடும் வினைபுரிவது) சகஜம், நோயின் தொடக்கத்தில் இன்னும் அதிகம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல, கிருமியின் மரபணுவையே ஒப்பிட வேண்டும். காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் தெரியாமலும் போகலாம். அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை சீரம் எடுத்து, டைட்டர் (எதிர்ப்பொருளின் அளவு) நான்கு மடங்கு ஏறியதா என்று பார்ப்பது அவசியம். மாட்டிலும் இதே சிக்கல்தான். ஹார்ட்ஜோ வகைக் கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றும் மாடு, சீரத்தில் நெகட்டிவாக வரலாம். எனவே சிறுநீரும் எடுங்கள்.

தண்ணீரில், நோயே உண்டாக்காத லெப்டோஸ்பைரா இனங்களும் இயல்பாக வாழ்கின்றன. எல்லா லெப்டோஸ்பைராவையும் பிடிக்கும் பொதுவான பிசிஆர் (மரபணுவைத் தேடும் சோதனை) செய்து பாசிட்டிவ் என்று எழுதினால், வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் விழும். நோய் தரும் இனங்களில் மட்டும் இருக்கும் ‘லிப்எல்32’ மரபணுவைத் தேடுங்கள்.

கணக்கிலும் ஏமாறுகிறோம். பத்துப் பண்ணையில் பத்துப் பத்து மாடு பார்த்தால் நூறு மாடு என்று நினைப்போம். ஒரே கொட்டகை மாடுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். அந்த ஒற்றுமை, 1 என்றால் அச்சு அசலாக ஒன்றே என்ற அளவில், 0.2 என்றால், உங்கள் நூறு சுமார் 36 தனி மாடுகளுக்குத்தான் சமம். புள்ளியியல்காரரைக் களத்துக்குப் போகும் முன்பே பாருங்கள்.

அனுமதிகளைப் பற்றி நீட்ட வேண்டாம். மனிதருக்கு ஒரு நெறிமுறைக் குழு, எலி பிடிக்க வேறொரு குழு, காட்டுக்குள் போனால் வனத்துறை. மூன்றுக்கும் முதல் மாதமே விண்ணப்பியுங்கள்.

களத்தில் ஒரு சின்ன விஷயம். விடிகாலை பால் கறக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்துவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து உடனே குழாயை ஐஸுக்குள் புதைப்பார்கள். அது உறைவதற்குள் பைக்கில் இருபது கிலோமீட்டர் குலுங்கும். லேபில் திறந்தால், ரத்த அணுக்கள் உடைந்து, சீரம் வெளிர்மஞ்சளாக இல்லாமல் செக்கச்செவேலென்று இருக்கும். ஒரு நாள் உழைப்பு போச்சு. நிழலில் அரை மணி, முக்கால் மணி அசையாமல் வைத்து, உறைந்த பிறகு ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள்.

அப்புறம், என்னை அதிகம் வருத்தும் தவறு. கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டே அந்த அம்மா கேட்பார்: “தம்பி, எங்க மாட்டுக்கு என்ன வந்திருக்குன்னு சொல்வீங்கல்ல?” சொல்கிறோம் என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். திரும்பப் போவதில்லை. முடிவைச் சொல்லப் போகும் நாளையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள். உள்ளூர்க் கால்நடை மருத்துவரையும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு, தீசிஸைச் சமர்ப்பிக்கும் முன்பே போய்விடுங்கள். கொட்டகைக் கழிவு நீர் வாசல் பக்கம் தேங்காமல் வாய்க்காலைத் திருப்பவும், காலில் புண் இருக்கும்போது வெறுங்காலோடு இறங்காமல் இருக்கவும் அந்த வீட்டில் அன்றைக்கே சொல்லலாம்.