பவளப்பாறை நீரில் புதிய பாக்டீரியாவை இனங்கண்டு வகைப்படுத்தும் முறை

பவளத்தின் மேற்பரப்பை ஒட்டிய நீரிலும் சில மீட்டர் தள்ளியுள்ள நீரிலும் ஒரே பாக்டீரியாக்கள் இருக்கும் என்று கொள்ள முடியாது. எனவே நீர் எடுத்த இடம், ஆழம், பவளத்திலிருந்து இருந்த தூரம், வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கிருமிநீக்கிய புட்டியில் எடுத்த நீரை வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்திருந்து, சில மணி நேரத்திற்குள் பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ் தட்டுகளில் பரப்பிவிடுவது நல்லது.

வழக்கமாகப் பயன்படும் மரைன் அகார் 2216 என்ற வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோனும் 1 கிராம் ஈஸ்ட் சாறும் உள்ளன. சத்துக் குறைந்த பவளப்பாறை நீருக்குப் பழகிய உயிர்களுக்கு இது மிகை. விப்ரியோ போன்ற வேகமாக வளரும் பாக்டீரியாக்கள் ஓரிரு நாளிலேயே தட்டை நிறைத்துவிடும். ஆகவே அதே ஊடகத்தைப் பத்தில் ஒரு பங்கு செறிவில், கடல்நீரின் உப்பளவு குறையாமல் தயாரித்து, அதிலும் பரப்பி, மூன்று நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும். புதியவை பெரும்பாலும் இப்படிப் பிந்தி முளைக்கும் குண்டூசித்தலை அளவுக் காலனிகளில்தான் கிடைக்கின்றன என்பது என் கருத்து. தன்னைச் சுற்றியுள்ள அகாரைக் கரைத்துச் சிறு குழியில் இறங்கியிருக்கும் காலனியைக் கண்டால் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த காலனியைக் குறைந்தது மூன்று முறை புதிய தட்டுகளில் கீறி வளர்த்துத் தூய்மைப்படுத்தி, கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சேமித்த பிறகே டி.என்.ஏ. பிரித்தெடுக்க வேண்டும்.

முதல் சல்லடை, எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு. ஏறத்தாழ 1500 காரங்கள் கொண்ட அதன் வரிசையை முழுமையாகப் படித்து, தரவுத்தளத்தில் முதலில் வந்து நிற்கும் பதிவுடன் அல்ல, டைப் ஸ்ட்ரெயின் எனப்படும், சிற்றினப் பெயருக்கு ஆதாரமான வளர்ப்புகளின் வரிசைகளுடன் ஒப்பிட வேண்டும். ஒற்றுமை 98.7 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கு மேல் இருப்பதாலேயே பழைய சிற்றினம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. விப்ரியோ பேரினத்தில் வெவ்வேறு சிற்றினங்களுக்கும் இம்மரபணு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுண்டு.

தீர்ப்பு முழு மரபணுத்தொகையில்தான் இருக்கிறது. நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களுடன் சராசரி நியூக்ளியோட்டைடு ஒற்றுமை (இரு மரபணுத்தொகைகளின் பொதுப் பகுதிகளில் எழுத்துக்கள் ஒத்துப்போகும் அளவு) 95–96 விழுக்காட்டிற்கும், கணினிவழி டி.என்.ஏ. இணைவு மதிப்பு (இரண்டின் டி.என்.ஏ. ஒன்றோடொன்று இணையும் அளவைக் கணினியில் கணித்தது) 70 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தால் அது தனிச் சிற்றினம். அது எந்தப் பேரினத்தில் அமையும் என்பதைப் பல மரபணுக்களைக் கொண்டு வரைந்த மரபுவழி மரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இதனுடன் உயிரணுவின் வடிவம், ஆக்சிடேஸ், கேட்டலேஸ் நொதிச் சோதனைகள், வளர்ச்சிக்கான உப்பு, அமிலகார, வெப்ப எல்லைகள், கொழுப்பு அமிலங்கள், உயிரணுச் சவ்விலுள்ள குயினோன்கள் ஆகியவையும் வேண்டும். கொழுப்பு அமில விகிதம் ஊடகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுவதால், பிறர் வெளியிட்ட எண்களை எடுத்து ஒப்பிடாமல், நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினை வாங்கி ஒரே ஊடகத்தில் ஒருசேர வளர்த்துச் சோதியுங்கள். மஞ்சள் காலனியின் மீது 20 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஒரு சொட்டு விட்டதும் நிறம் செம்பழுப்பாக மாறினால், பிளெக்சிருபின் வகை நிறமி உண்டு என்று கொள்ளலாம்.

பெயர் செல்லுபடியாக, டைப் ஸ்ட்ரெயினை இரு வேறு நாடுகளிலுள்ள இரண்டு வளர்ப்புச் சேகரங்களில், பிறரும் கட்டுப்பாடின்றிப் பெறும் வகையில் ஒப்படைத்து, அதற்கான சான்றுகளைச் சிற்றினத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையுடன் அனுப்ப வேண்டும். நீர் எடுப்பதற்கும் வளர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் உரிய அனுமதிகளை மாதிரி எடுக்கும் முன்பே பெற்றுவிடுங்கள்.