கொரோனா துளையைப் புரிந்துகொள்ள கஞ்சமலைக் கருமணல்

ஆடி பிறந்தால் ஏற்காட்டில் சூரியன் முகம் காட்டுவது அபூர்வம். இந்தப் பயிற்சிக்கு அது தடையே இல்லை. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் இருண்டு கிடக்கும் பகுதிதான் கொரோனா துளை. அது வெறுங்கண்ணுக்கும் சாதாரணத் தொலைநோக்கிக்கும் தெரியாது. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள்.

முதலில் மணல். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி, சேலம் அருகே உள்ள கஞ்சமலையின் அடிவார ஓடை மணலில் இழுங்கள். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கருமணல் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். தாளின் மேல் பிடித்துக் காந்தத்தை உருவினால் மணல் தானே உதிரும்.

இனி பட்டைக் காந்தத்தின் மேல் வேறொரு தாளை வைத்து, மணலைத் தூவி, விரலால் மெல்லத் தட்டுங்கள். காந்தப்புலக் கோடுகள் தெரியும். நடுவில் அவை வில்லாக வளைந்து மறுமுனைக்குத் திரும்பும். முனைகளிலோ விசிறிபோல் விரிந்து தாளைத் தாண்டி ஓடும். சூரியனிலும் வளைந்து திரும்பும் கோடுகள் சூடான பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயுவை, கட்டி வைக்கின்றன. அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. திறந்த கோடுகள் வழியே பிளாஸ்மா விண்வெளிக்கு ஓடிவிடுகிறது. அடர்த்தி குறைந்து அங்கே இருள்கிறது. அதுதான் கொரோனா துளை. அங்கிருந்து கிளம்பும் இந்தப் பிளாஸ்மா ஓட்டமான சூரியக் காற்று நொடிக்கு 700 கி.மீ.யைக்கூடத் தாண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சின்னப் பொத்தான் காந்தம் ஒன்றைத் தாளுக்கடியில் முனைக்கு அருகே வைத்து மறுபடி தட்டுங்கள். வெளியே ஓடிய கோடுகளில் சில வளைந்து அதில் போய் முடியும். முடியவில்லை என்றால் பொத்தானைப் புரட்டிப் போடுங்கள். துளையின் ஓரத்தில் புதிய சூரியப்புள்ளிக் கூட்டம் (வலுவான காந்தப்புலமுள்ள கரும்புள்ளிகள்) முளைக்கும்போதும் திறந்த கோடும் மூடிய கோடும் அறுந்து, இணை மாற்றிச் சேர்கின்றன. துளையின் எல்லை நகர்கிறது. பழைய புள்ளிக் கூட்டம் கரைந்து, அதன் காந்தப்புலம் பரவும்போது புதிய துளையே திறப்பதும் உண்டு. ஒன்று மட்டும் வித்தியாசம்: சூரியனில் கோடுகளை வெளியே இழுத்துப் பிடித்திருப்பது சூரியக் காற்று. நம் தாளில் அது இல்லை.

அடுத்து செல்பேசி. நாசா 2010இல் ஏவிய சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரி செயற்கைக்கோளின் 193 ஆங்ஸ்ட்ராம் (புறஊதா அலைநீளம்) படத்தைத் திறந்து, ஓ.எச்.பி. எனும் ஒளிபுகும் தாளை மேலே வைத்துக் கரும்பகுதியின் ஓரத்தை வரையுங்கள். அதே நாளின் காந்தப் படத்தை அதே அளவில் வைத்து அந்தத் தாளைப் பொருத்துங்கள். அதில் கறுப்பும் வெள்ளையும் எதிரெதிர் காந்தத் துருவங்கள். புள்ளிக் கூட்டத்தில் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கும். துளைக்குள் ஏதோ ஒரு நிறம்தான் ஓங்கியிருக்கும்.

தினமும் வரையுங்கள். துளை இடமிருந்து வலமாக நகர்ந்து, மறைந்து, சுமார் 27 நாளில் அதே இடத்துக்கு வரும். நடுவில் இருக்கும்போது வரைந்ததை மட்டும் ஒப்பிடுங்கள். விளிம்பில் எல்லாத் துளையும் ஒடுங்கித்தான் தெரியும்.

துருவங்களுக்கு மட்டும் வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். சூரியப்புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியின் அமைதிக் காலத்தில் இரு துருவங்களிலும் பெரிய துளைகள் இருக்கும். உச்சத்தை நெருங்கும்போது அவை சுருங்கி மறையும், துருவக் காந்தம் திசை மாறும், நடுப்பகுதியில் துளைகள் தலைகாட்டும்.

துளை நடுவுக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். அதன் சூரியக் காற்று பூமியை எட்டும் இரண்டு முதல் நான்கு நாள் கழித்துப் புவிக்காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் கே.பி. எண்ணைப் பாருங்கள். ஏறியிருந்தால் அதையும் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதுங்கள்.